ஊசியில் காய்ந்த கிளியர்

கோகிலா இன்றைக்கு வருகிறாள்.

காலையில் வத்தல்மலையிலிருந்து போன் செய்திருந்தாள். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

"மத்தியானத்துக்கு மேல பஸ் ஏறி வர்றேன் மாமா. வூட்டுக்குள்ள வந்து மூச்சு விட்டுப் பாக்கறேன். ஒத்துக்கிச்சின்னா இருந்துக்கறேன். ஒத்துக்கலன்னா..."

அதற்கு மேல் கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டதா, அவள்தான் வார்த்தையை விழுங்கிவிட்டாளா என்று மாயவனுக்குத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் நின்றான். தன் சொந்த வீட்டுக்கு, மூச்சு விட முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு பெண் வருகிறாள்! இப்படியும் ஒரு விதி யாருக்காவது வாய்க்குமா?

தொப்பூரிலிருந்து பொம்மிடி போகும் சாலையில், கணவாயில் ஏறும் லாரிகளின் இரைச்சல் லேசாகக் கேட்கும் தூரத்தில் அவர்கள் வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். மாயவன் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்தவன். ஓய்வு நேரத்தில் ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி முழ நீளத்துக்கு ஒரு லாரி செய்தான். அதை யாரோ போனில் படம் பிடித்துப் போட, டிரைவர்களும் லாரி ஓனர்களும் தங்கள் வண்டியின் போட்டோவோடு தேடி வர ஆரம்பித்தார்கள். தார்ப்பாய் கட்டும் கொக்கி, நெற்றியில் எழுதிய குலசாமி பெயர், பம்பரில் தொங்கும் கறுப்புக் குஞ்சம் எதையும் விடமாட்டான். எல்லாம் முடிந்த பிறகு, காற்றால் பீய்ச்சும் ஏர்பிரஷ்ஷில் கிளியர் அடிப்பான். கிளியருக்கு நிறம் கிடையாது, வெறும் பளபளப்புதான். ஆனால் அது ஏறும்வரை பொம்மை பொம்மைதான். ஏறிவிட்டால் வெயிலில் நிற்கிற நிஜ லாரி!

அந்தக் கிளியர்தான் அவன் மனைவி கோகிலாவை வீட்டை விட்டு அனுப்பியது.

போன ஐப்பசியில் அடைமழை. ஈரக்காற்று பட்டால் கிளியர் மேல் வெள்ளையாகப் புகை படிந்துவிடும் என்று ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டுக் கூடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தான். சமையலறையில் அவள் இருமினாள். "ஒரே ஒரு கோட்டுதான் புள்ள, முடிஞ்சிரும்" என்றான். அவனுக்கு முடிந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் அடுப்பு மேடையைப் பிடித்தபடி சரிந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியதே தவிர, உள்ளே காற்று போகவில்லை. ஆம்புலன்ஸ் தர்மபுரிக்குப் பறந்தது. தெய்வம் கண் திறந்தது, பிழைத்தாள். ஆனால் கிளியரில் கலக்கும் தின்னர் நெடி உள்ள வீட்டில் இனி அவளை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோகிலாவின் தாய் கருப்பி ஆஸ்பத்திரியிலிருந்தே மகளை மலைக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

மாயவன் அவ்வப்போது மலையேறிப் போவான். "மொதல்ல குளிச்சிட்டு வாங்க மருமகனே, அப்பறமா பொண்டாட்டியப் பாக்கலாம்" என்பாள் கருப்பி. குளித்தாலும் தலைமுடியில் அந்த நெடி இருக்கும். ஆகவே திண்ணையில் அவன் இந்தக் கோடியிலும் அவள் அந்தக் கோடியிலுமாக உட்கார்ந்து பேசுவார்கள். "இன்னைக்கி இருந்துட்டுப் போயேன் மாமா" என்பாள். "வேல கெடக்குது புள்ள" என்று சாயங்கால பஸ்ஸுக்கே இறங்கிவிடுவான். பஸ் வளைவு திரும்பும்வரை அவள் நின்றுகொண்டே இருப்பாள்.

ஆனால் இங்கே வந்தால் அவனுக்குத் தூக்கம் ஏது? ஒருமுறை அவள் ஒரு பையில் சாமை கட்டிக் கொடுத்தனுப்பினாள். அந்த முடிச்சை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை. அவள் விரல் போட்ட முடிச்சு. அவிழ்த்துவிட்டால் மறுபடி அதேபோல யார் கட்டுவது?

அவளைத் திரும்ப அழைத்துவர அவன் செய்யாததில்லை. தின்னர் கேன்களைத் தூக்கி எறிந்தான். மெத்தையை மாற்றினான். கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தான். பெங்களூரிலிருந்து, நெடி வராத, தண்ணீரில் கரையும் கிளியர் வாங்கிப் பழகினான். முதலில் அது அவன் கைக்கு அடங்கவே இல்லை. கிட்டே பிடித்தால் வழிந்தது, தள்ளிப் பிடித்தால் ஆரஞ்சுத் தோல் போலப் பொரிந்தது. மூன்று லாரிகளைச் சுரண்டி எறிந்த பிறகுதான் பிடிபட்டது. முதலில் பனி படிவது போல மெல்லிசாக இரண்டு கோட்டு, அது இறுகியதும் ஈரம் மின்ன ஒரே ஓட்டமாகக் கடைசிக் கோட்டு. ஒரே ஒரு தொல்லை. தண்ணீர்க் கிளியருக்குப் பொறுமை கிடையாது. ஏர்பிரஷ்ஷைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் அதற்குள் இருக்கும் ஊசியின் முனையில் காய்ந்துபோகும். ஆகவே அடித்த கையோடு அதன் கப்பில் தண்ணீர் ஊற்றிப் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும்.

இன்றைக்குக் கடைசிக் கோட்டு மட்டும்தான் பாக்கி. தர்மன் என்கிற லாரி ஓனர், தன் முதல் வண்டியின் பொம்மையை நாளைக் காலை கிரகப்பிரவேசத்தில் கூடத்தில் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாயவன் கப்பில் கிளியரை ஊற்றி, கம்ப்ரசரைப் போட்டான்.

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

கையில் இருந்ததை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ரோட்டுக்கு ஓடினான். பஸ் நின்றது. ஆட்டுக்குட்டியோடு ஒருவர் இறங்கினார். அவ்வளவுதான்.

எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் சின்னம்மாள் அவித்த தட்டைக் கவிழ்த்தபடி சிரித்தாள். "என்னாப்பா மாயவா, சடங்கு சுத்தற ஊட்டுல தாய்மாமனுக்குக் காத்துக்கிட்டிருக்கற மாதிரி நிக்கற?"

"பஸ்ஸு வந்துச்சேன்னு பாத்தேங்க்கா."

"தெனமும் வர்ற பஸ்ஸுதான. இன்னைக்கி மட்டும் கொம்பு மொளச்சிருக்குதா?"

"கோகிலா வர்றாங்க்கா."

சின்னம்மாளின் சிரிப்பு சட்டென்று கனிந்துவிட்டது. "அப்படிச் சொல்லு. போயி வேலையப் பாரு, வந்தா நான் கூப்பிடறேன்."

போனான். ஆனால் மனசு வேலையில் நிற்குமா? அடுத்த ஹாரனுக்கும் ஓடினான். அதற்கடுத்ததற்கும் ஓடினான். சின்னம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் முன்பக்கப் படியில் ஒரு சேலை நுனி தெரியும், எட்டிப் பார்ப்பான், அது வேறு யாராவதாக இருக்கும். மூன்றாவது பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனபோது அவனுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. வரமாட்டாள். போனில் அவள் முடிக்காமல் விட்ட வார்த்தை அதுதான்.

உள்ளே வந்து ஏர்பிரஷ் விசையை அழுத்தினான். காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. கிளியர் வரவில்லை. ஓடி ஓடிப் பஸ்ஸைப் பார்த்த நேரத்தில் ஊசி முனையில் அது கல்லாக இறுகியிருந்தது. ஊசியை உருவப் பார்த்தான், வரவில்லை. வெந்நீரில் போட்டான், சோப்பு நீரில் ஊறவைத்தான். அசையவில்லை. அந்த நேரம் பார்த்துத் தர்மன் போன் செய்தார்.

"என்னாங்க மாயவன், வண்டி ரெடியா? விடியக்காலம் ஆளு அனுப்பறேன். எங்கப்பா போட்டோவுக்குக் கீழ வைக்கப்போறது, பாத்துக்கங்க."

"ரெடிங்க" என்றான்.

காய்ந்த கிளியரைக் கரைக்க ஒன்றால்தான் முடியும். அது அவனுக்குத் தெரியும். பக்கத்து டிங்கர் பட்டறையில் போய் ஒரு சின்ன பாட்டிலில் தின்னர் வாங்கி வந்தான். கூடத்தின் நடுவில் நின்று மூடியில் கை வைத்தான். வரப்போவதில்லையே, இனி யாருக்காகப் பயப்பட வேண்டும்? திருகினான்.

அந்த நெடி, இத்தனை மாதம் சுண்ணாம்புக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது போல, குபீரென்று வீடு முழுக்க எழுந்தது.

ஊசி வழுக்கிக்கொண்டு வந்தது. ஊசி நுழையும் நாசிலைத் துடைத்தான். தின்னர் ஒரு சொட்டு தங்கினாலும் தண்ணீர்க் கிளியர் தயிராகத் திரிந்துவிடும். ஆகவே தண்ணீர் ஊற்றி, பீய்ச்சி, மறுபடி ஊற்றி, மறுபடி பீய்ச்சினான். பிறகு கிளியரை நிரப்பி, கம்ப்ரசர் இரைச்சலில் வெளியே எதுவும் காதில் விழாமல் கடைசிக் கோட்டை அடித்தான். அவன் கை இப்படி ஒரு கோட்டை இதற்கு முன் அடித்ததில்லை. வழியவில்லை, பொரியவில்லை. லாரியின் சிவப்புக் கதவு, மழை நின்ற குளம் போலக் கண்ணைப் பறித்தது. விளக்கும் ஜன்னலும் அதற்குள் தெரிந்தன. வாசல் தெரிந்தது.

வாசலில் ஒரு பெண் தெரிந்தாள்.

மஞ்சள் சேலை. தோளில் துணிப்பை. அவன் திரும்பவில்லை. திரும்பினால் அந்த உருவம் கலைந்துவிடும் என்று பயந்தான். எத்தனை நாள் ஏங்கிய முகம்! விரல் நீளத்துக்கு, பொம்மை லாரியின் கதவுக்குள்ளே நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அவள் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்தினாள். இருமல் கேட்டது.

"கோகிலா!"

அவள் ரோட்டைத் தாண்டி ஓடியிருந்தாள். சின்னம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து பம்ப்பை எடுத்து வாயில் வைத்து இழுத்தாள். மாயவன் பின்னாலேயே ஓடி, ரோட்டின் பாதியில் நின்றுவிட்டான். அவன் கையிலும் அந்த நெடி. பக்கத்தில் போகக் கூடாது. கட்டிய மனைவி மூச்சுக்குத் தவிக்கிறாள், கணவன் தொட முடியாமல் நிற்கிறான்!

"அங்கியே நில்லு" என்று சின்னம்மாள் அதட்டினாள். அவள்தான் முதுகைத் தடவிவிட்டாள்.

மூச்சு கொஞ்சம் சீரானதும் கோகிலா நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "தண்ணிக் கிளியருன்னு சொன்னியே மாமா. நம்பி வந்தனே."

"தண்ணிக் கிளியருதான் புள்ள. சத்தியமா. பஸ்ஸு பஸ்ஸா ஓடி வந்து பாத்தனா, அதுக்குள்ளார ஊசியில காஞ்சிப்போச்சி. நீ வரமாட்டன்னு..."

"மலைப் பஸ்ஸு வழியில நின்னுபோச்சி. நான் என்னா பண்ணுவேன்?"

"எனக்கு எப்புடித் தெரியும்?"

"அப்ப என்னப் பாக்க ஓடுனதாலதான் அடைச்சிக்கிச்சா?"

அவன் தலையை ஆட்டினான். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சிரிப்பு மறுபடி இருமலாகியது.

"நல்ல கூத்துடி உங்க கூத்து" என்று சின்னம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

வளைவில் ஹாரன் கேட்டது. இந்தத் தடவை தர்மபுரி போகிற பஸ். கோகிலா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போறேன் மாமா. இந்த வூட்டுக்குள்ள என்னால இன்னைக்கிப் படுக்க முடியாது. கோவமில்ல. கோவமிருந்தா வந்தே இருக்கமாட்டேன்."

அவள் ஏறினாள். முன்னால், பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். மாயவன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். திறந்த கதவுக்குள் சிவப்பு லாரி மின்னியது. வாழ்நாளில் மிக நல்ல கோட்டு. விடியும்வரை அதன்மேல் தூசு விழாமல் காவல் இருக்க வேண்டும்.

"யக்கா, அது மேல அட்டைப்பொட்டியக் கவுத்து மூடிருங்க. தொட்டுராதீங்க. காலையில தர்மன் ஆளு வந்தா குடுத்துருங்க" என்று சாவியைச் சின்னம்மாளிடம் வீசினான்.

"நீ எங்கப்பா போற?"

நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் பின்படியில் தொற்றி ஏறினான். அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்து, நினைவு வந்தவனாக நின்று, திரும்பிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தான். ஜன்னலை முழுக்கத் திறந்து கைகளை வெளியே காற்றில் நீட்டிக்கொண்டான்.

"எதுவரைக்கும்?" என்றார் கண்டக்டர்.

"முன்னாடி மஞ்சச் சேல எது வரைக்கும் வாங்கியிருக்காங்களோ, அதுவரைக்கும்ங்க. அதுக்கு மேல மலைக்கும் போறேன்."

கண்டக்டர் அவனையும் முன்னால் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, பக்கத்துல எடம் காலியாத்தான இருக்குது?"

"இப்பத்திக்கி முடியாதுங்க. இந்த வாசம் போவட்டும். ரெண்டு நாளோ பத்து நாளோ, போற வரைக்கும் அங்கியே இருக்கப்போறேன்."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கோகிலாவின் தோள் குலுங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள். முந்தானை வாயை மூடியிருந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா, இருமுகிறாளா என்று அத்தனை தூரத்திலிருந்து அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.