மஞ்சள் விழுந்த கேன்

அந்த வருடம் எங்கள் மீனை யாரும் வாங்கவில்லை. கடலில் ரசாயனமும் அணுவும் கலந்துவிட்டதாக எவரோ புரளி கிளப்பிவிட்டார்கள். ஆரம்பாக்கம் மீன் சந்தையில் கூடையை இறக்கினாலே வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டில் கஞ்சி நீர்த்துக்கொண்டே போனது. அந்த நேரத்தில்தான், எங்கள் கடல் தெய்வம் கங்கையம்மாவே அனுப்பியதுபோல், தண்ணீரைச் சோதிக்கப் பட்டணத்து ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்தார்.

நான்தான் படகில் அழைத்துப் போனேன். முகத்துவாரம் தாண்டியதும் அவருக்கு வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டு, கேனைக் கடல் தண்ணீராலேயே மூன்று முறை அலசி நிரப்பி, சீட்டு எழுதி ஒட்டினார்.

"அணு இருக்குதுன்னு இதுல எப்படிம்மா தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியாதுண்ணே. காய்ச்சி வத்தவெச்சு மெஷின்ல வெச்சா சொல்லிடும்."

கரைக்கு வந்ததும் கேனை எங்கள் வாசலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். கடல் தண்ணீர் வீட்டுக்கு வந்தால் கங்கையம்மாவே வந்த மாதிரி எங்களுக்கு. மஞ்சள்தூளும் வேப்பிலையும் போட்டுத்தான் வைப்போம். என் வீட்டுக்காரி கேனைத் திறந்து இரண்டையும் போட்டுக் கும்பிட்டு, மூடியும் விட்டாள். கேனை ஜீப்பில் ஏற்றும்போதுதான் என் காதில் சொன்னாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே!"

"இன்னா பண்ணிட்டேன்? எங்க நைனா ஊட்டுலயும் இப்படித்தான் போடுவாங்க."

சொல்லாவிட்டால் மெஷின் என்ன சொல்லுமோ. சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ. அம்மனை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

அவர் மூடியைத் திறந்தார். வேப்பிலை மிதந்தது. அதை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரியிடம், "கடலுக்கு மட்டுந்தான் வைத்தியமா? வாந்தி நிக்க எனக்கும் ஏதாவது குடுங்க. மறுபடி போகணும்ல" என்றார்.

"காத்து ஏறிடுச்சும்மா, நாளைக்குப் போலாம்" என்றேன்.

"இன்னொரு நாளும் மீனு விக்காம உக்காந்திருப்பீங்களா?"

சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முன்னைவிட அதிகம் வாந்தி எடுத்தார். புதுக் கேனை நிரப்பாமல் திரும்பவில்லை.

சில வாரம் கழித்து, கெடுதல் ஒன்றுமில்லை என்ற காகிதத்தோடு அவரே மீன் சந்தைக்கு வந்து படித்துக் காட்டினார்.

"காயிதத்துல இன்னா வேணா எழுதலாம்" என்றார் ஒரு வியாபாரி.

அந்த அம்மா என் வீட்டுக்காரியின் தூக்குச்சட்டியைத் திறந்து, மடவை மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து, எல்லோர் முன்னாலும் நின்றபடியே சாப்பிட்டார். முள்ளை எடுக்கக்கூடச் சரியாகத் தெரியவில்லை. வியாபாரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி, கூடைய எறக்கு" என்றார்.

விளக்கேற்றும்போது அந்த அம்மா வயிறு குளிர வாழவேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறோம்.