யானை பார்க்க மூன்று விலை

புதன்கிழமை காலை ஐந்து மணிக்குப் பதுளைக் கடைத்தெருவிலிருந்து எங்கள் மாட்டு வண்டி புறப்பட்டது. ரயில் பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்த காலம் அது. பிபிலைக்கு ஏறக்குறைய நாற்பது மைல். அதற்கே எங்களுக்கு இரண்டரை நாள் பிடித்தது. இன்று மோட்டாரில் காலையில் கிளம்பிப் பகல் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு நேரமிருக்கிறது.

யானைக் காட்டுக்குப் போக என்ன செலவாகும் என்று பதுளையில் யாருக்காவது தெரியுமென்றால் அது எனக்குத்தான். துரைமார் வேட்டைக்குப் போகும்போது பிஸ்கட் டின்னிலிருந்து மெழுகுவர்த்தி வரை என் கடையில்தான் எடுப்பார்கள். துரை போகிற விதம் ஒன்று: இரண்டு கூடாரம், குதிரை, சமையற்காரர், கூலியாள் இருபது பேர். பத்து நாளைக்கு ஐந்நூறு ரூபாய். சோடாவும் விஸ்கியும் தனி. இரண்டாவது விதம் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர்மார் போவது: வாடகை வண்டி, வழியில் வாடிவீடு என்கிற சர்க்கார் விடுதியில் தங்கல், எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய். மூன்றாவது, பொதிமாடு ஓட்டிக்கொண்டு போகிற தவளத்தாரோடு நடப்பது. ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால் போதும், அரிசி நம்முடையது, கூரை ஆகாயத்துடையது. இந்த மூன்றுக்கும் சாமான் கட்டிக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒருமுறைகூட நான் போனதில்லை.

போக வைத்தவள் என் மனைவி சிவகாமி. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், கங்காணி வீட்டில் பிறந்தவள். அந்தத் தோட்டத்து விளிம்பில் நின்றால் கீழ்நாட்டுக் காடு முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். “அந்தா, அங்கதான் யானையெல்லாம் திரியுது” என்று பெரியவர்கள் காட்டக் காட்ட, சிறுவயது முழுக்க அவள் பார்த்தது வெறும் பச்சையும் புகை மூட்டமும்தான். அவளுடைய வலக்கண்ணில் பூ விழுந்து மூன்று வருடமாகியிருந்தது. அந்த ஆடியில் இடக்கண்ணும் மங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“என்னங்க, இந்தக் கண்ணும் அவியறதுக்குள்ள அந்த யானைய ஒருதரம் பாத்துப்புடணும்.”

துரை விலைக்கு என்னிடம் வசதியில்லை. மூன்றாம் விலைக்கு அவளை நடத்திக் கூட்டிப்போக மனமில்லை. நாற்பது ரூபாயை எடுத்துவைத்தேன்.

புறப்பட்ட புதனிரவு பசறையில் தங்கினோம். மறுநாள் லுணுகலை வாடிவீட்டில் முன்னறைக்குக் காசு கட்டிப் பாயும் விரித்தாயிற்று. மாலை நாலரைக்கு ஒரு துரை குதிரையில் வந்து இறங்கினார். எங்கள் பாய் பின்கட்டுக்குப் போயிற்று. கட்டின காசு மட்டும் முன்னறையிலேயே நின்றுவிட்டது. எனக்கு வயிறெரிந்தது. சிவகாமியோ, “தோட்டத்து லயத்துல ஒரு காம்பராவுல எட்டுப் பேரு படுத்தோம். இது அரமனைங்க” என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் பிபிலை. அதற்கு மேல் வண்டி போகாது என்று வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டான். இத்தனை வருடமாகச் சாமான் கட்டிய எனக்கு இது தெரியாதது வெட்கக்கேடுதான். நல்ல வேளையாக, என் கடைக்குத் தேனும் நெல்லும் கொண்டுவரும் காசிம் நானா பதினாறு பொதிமாடுகளோடு அங்கே நின்றார். அவர் போகிற வழியில் நில்கலைப் பக்கம் ஒரு பழைய குளம் இருக்கிறது. சாயங்காலத்தில் யானை இறங்கும் என்றார். ஆக, நான் ஒதுக்கிய மூன்றாம் விலையே வாய்த்தது. சிவகாமி செருப்பைக் கழற்றி மூட்டையில் போட்டுவிட்டு மாடுகளுக்கு முன்னால் நடந்தாள். கொழுந்து எடுத்த கால். நான்தான் பின்னால் நொண்டினேன்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் குளத்தை அடைந்தோம். எங்களுக்கு இடம் கொடுக்காமல் லுணுகலையில் இறங்கிய அதே துரை எதிர்க்கரையில் கூடாரம் போட்டு, மரத்தில் பரணும் கட்டித் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்.

கரையில் ஒரு பாலை மரம். அந்த வழியாகக் காட்டுக்குள் போகிறவர்கள், எந்தச் சாதி மதத்தாரானாலும், ஒரு இலைக்கொப்பை முறித்து அதன் கிளையில் தொங்கவிட்டுக் காவல் கேட்டுப் போவார்கள். காசிம் நானா தொங்கவிட்டார், சிவகாமியும் தொங்கவிட்டாள். எனக்குக் காட்டுக் காவல் என்றால் யானைமுகப் பிள்ளையார்தான், அதனால் அது போதவில்லை. கடைக்காரன் ஒருவன் பிள்ளையாருக்கு வெறும் இலையையா கொடுப்பான்? தேங்காய் உடைத்தேன், கற்பூரம் கொளுத்தினேன், கடையிலேயே உயர்ந்த சாம்பிராணியை ஒரு கை நிறைய அள்ளித் தணலில் போட்டேன். புகை குளத்தின் மேல் அழகாகப் படர்ந்தது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த காசிம் நானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன மொதலாளி செஞ்சிட்டீங்க! இந்த வாசத்துக்குப் பெரியவங்க ரெண்டு மைலுக்கு வரமாட்டாங்களே!”

காட்டுக்குள் யானையின் பெயரைச் சொல்லமாட்டார்கள், பெரியவங்க என்பார்கள்.

யானை வரவில்லை. இருட்டும்வரை சிவகாமி குளத்தைப் பார்த்து உட்கார்ந்தபடியே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்க அஞ்சி, கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையிலிருந்து துரையின் சமையற்காரர் வந்து, “யாருய்யா இங்க கோயில் கட்டுனது? தொர கொதிக்கிறாரு” என்று சத்தம் போட்டார். ஐந்நூறு ரூபாய் வேட்டையை பத்துச் சதச் சாம்பிராணி கெடுத்திருந்தது. வேறு நாளாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தவளம் கிளம்பியது. காசிம் நானா வழக்கமான பாதையை விட்டு, புகை போகாத மேற்குப் பக்கமாக ஒரு வறண்ட ஓடையோரம் மாடுகளைத் திருப்பினார். அரை மைல் போயிருப்போம். முன்மாடு நின்றது, கழுத்து மணிகள் எல்லாம் ஓய்ந்தன.

“அசையாதீங்க தங்கச்சி” என்றார் நானா மெதுவாக.

பதினைந்து கஜத்தில், ஓடைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ எழும்பியது. அவ்வளவுதான் நான் கண்டது. இரண்டு கையும் தாமாகக் குவிந்தன, கண் இறுக மூடிக்கொண்டது. பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. மரம் முறிகிற ஓசையும் பெரிய மூச்சும் கேட்டன. கண்ணைத் திறந்தபோது ஓடை வெறிச்சென்றிருந்தது.

சிவகாமி அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஏழுங்க! குட்டி ஒண்ணு, தாயோட வயித்துக்கடியிலயே நடந்துச்சு. கடைசியா போனதுக்கு வாலு நுனியில மயிரே இல்ல. பாத்தீங்கல்ல?”

“பார்த்தேன்” என்றேன். வேறென்ன சொல்வது?

நேற்றுச் சாம்பிராணி போட்டுக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து வந்திருந்தா எனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? அவ்வளவு தூரத்துல எனக்குக் கொளமே தெரியலீங்க. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அந்தப் பரணும் கூடாரமும் ஐந்நூறு ரூபாயும் கையிலிருந்து, குளத்தங்கரையில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தால், என்ன காட்டியிருப்பேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

அடுத்த வருடப் பொங்கலுக்கு அவளுடைய இடக்கண்ணும் அவிந்துவிட்டது. இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. காசிம் நானா இல்லை, தவளங்களும் குறைந்துவிட்டன. அந்த மணி ஓசை இல்லாத கடைத்தெரு எனக்கு இன்னும் பழகவில்லை. யானைக் காட்டுக்கு என்ன செலவாகும் என்று கேட்டுப் புது மனிதர்கள் கடைக்கு வருகிறார்கள். மோட்டார் விலை, வண்டி விலை, நடை விலை மூன்றையும் சொல்கிறேன். யானை எப்படி இருக்கும் என்று கேட்டால், உள்ளே கட்டிலில் இருப்பவளைக் காட்டுகிறேன். அவள் அந்த வால் நுனியிலிருந்து ஆரம்பிப்பாள். நானும் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். அந்த ஏழு யானைகளை நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.