பாட்டு ஏற்றித் தரப்படும்

சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களின் பாட்டை செல்போன் ஆப்களில் ஏற்றி, நாலு பேர் காதுக்குக் கொண்டுபோவது என் தொழில். அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். சினிமாக்காரர்கள் இந்தப் படி ஏறுவதில்லை. ஷிப்ட் முடிந்தவர்களும் டீச்சர்களும் கடைக்காரர்களும்தான் வருவார்கள். வாடிக்கையாளருக்கு நல்லது செய்யப்போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் பாடு புரியும்.

அடுத்தவர் வீட்டில் குடித்தனம்

பாடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ரமேஷ் கானா பாடுவார். ஊரில் எத்தனையோ ரமேஷ், பெயரோடு வேறு ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்பா வைத்த பெயரே போதும் என்றுவிட்டார். வெளியான அன்றே பாட்டு, ஆப்பில் அதே பெயருள்ள பக்திப் பாடகர் ஒருவரின் பக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முருகன் பாட்டுக்கும் அம்மன் பாட்டுக்கும் நடுவே, பஸ்ஸைக் கோட்டைவிட்டவனைப் பற்றிய கானா.

பக்திப் பாடகரின் ஆட்கள் கோபமாக மெயில் அனுப்பினார்கள். நான் பதறிப்போய், ஆப் கம்பெனியை இரண்டு வாரம் விடாமல் துரத்தி, ரமேஷுக்குத் தனிப் பக்கம் வாங்கினேன். சேதி சொல்ல போன் செய்தால் அவர் குரலில் சுரத்தே இல்லை.

“இன்னாத்துக்கு சார் அவசரப்பட்டே? அங்க ஜனம் கேட்டுகினு இருந்துச்சு. இங்க நான் ஒருத்தன்தான கீறேன்.”

மூன்றாவது விசில்

கோவில்பதாகையிலிருந்து வந்த சாமுவேல் ரயில்வேயில் ரிடையர் ஆனவர். அவர் மனைவி சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர். போன வருடம் இறந்துவிட்டார். சமையல்கட்டில் அவர் பாடியதை சாமுவேல் போனில் பதிந்து வைத்திருந்தார். முதல் வருட ஜெபத்துக்குள் அது ஆப்பில் வர வேண்டும் என்றார்.

இரைச்சல் அதிகம் என்று ஆப்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் மூன்று நாள் உட்கார்ந்து ஃபேன், கரண்டி, குக்கர் எல்லாச் சத்தத்தையும் எடுத்தார். பெருமையாக ஹெட்போனை மாட்டிவிட்டேன். சாமுவேல் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

“குரல் நல்லாத்தான் இருக்கு தம்பி. விசில எடுத்துட்டீங்களே? மூணாவது விசிலுக்கு அவ பாட்ட நிறுத்திட்டு அடுப்ப அணைக்கப் போவா. அது இல்லாம, ஏன் நிறுத்தினான்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

விசிலை மட்டும் திரும்பச் சேர்த்தோம். இந்த முறை ஆப்காரர்கள் திருப்பி அனுப்பவில்லை.

ஷார்ஜாவில் ஒருவர்

குமணன்சாவடியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் காதர் பாய், தன் அப்பா கட்டிய பாட்டு ஒன்றைப் பாடி வெளியிட்டார். எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று ஆப் காட்டும். மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கை அச்செடுத்த தாளைக் கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது. பூந்தமல்லியில் சில சொந்தக்காரர்கள். ஷார்ஜாவில் ஒரே ஒருவர், ஆனால் தினமும்.

விளம்பரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று சமாளிக்க ஆரம்பித்தேன். பாய் காதிலேயே வாங்கவில்லை. விரல் ஷார்ஜா வரியிலேயே நின்றது. தம்பி அங்கேதான் இருக்கிறானாம். அப்பா மௌத்தானபோது கடைக்காகச் சண்டை, அதற்குப் பிறகு போனே எடுப்பதில்லையாம். வேறு யாராகவும் இருக்கலாமே என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வாப்பா பாட்ட வேற எவன் சார் தினமும் கேப்பான்? பேச மாட்டான். கேக்கறான்ல, போதும்.”

பாட்டை உலகம் முழுக்க அனுப்புவது சுலபம்தான், யார் கேட்பதற்காகப் பாடினீர்கள் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளாவிட்டால்தான் அவஸ்தை.