சீப்பும் ஞாயிற்றுக்கிழமை ரயிலும்

சீசா என்ற பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு பஸ்ஸில் பதினொரு தரிப்புகள். தொண்ணூறுகளில் ஞாயிறுதோறும் மகளை வழியனுப்பப் போவேன். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வயதான இத்தாலியச் சீமாட்டியின், அவள் சொல்வதுபோல் சிஞ்ஞோராவின், வீட்டிலேயே தங்கி, அவரைப் பராமரித்து வந்தாள். வாரத்தில் எட்டு மணித்தியாலம்தான் எனக்கு. சிஞ்ஞோராவுக்கு எண்பத்தாறு வயது. யாருக்கும் சொல்லாமல் அதையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம், கொண்டைச் சீப்பைக் கழற்றி ரயில் மேடை வாங்குப் பலகையில் வைத்துவிட்டுக் கூந்தலை முடிந்தபடி, சிஞ்ஞோரா வாசித்துக் காட்டிய கதையைச் சொன்னாள். பழைய ஜப்பானில் ஓர் அரசகுமாரி. குறி பார்த்து அவளைத் தூரத்துக் கோயிலில் பணிசெய்யத் தேர்ந்தார்கள். ஆற்றில் நீராடி நெடுநாள் நோன்பிருந்தாள். புறப்படும் நாளில் அரசன் தன் கையாலேயே அவள் கூந்தலில் சீப்பைச் செருகி, தலைநகரைத் திரும்பிப் பார்க்காதே என்றான். மலைகளுக்கிடையே பல்லக்குப் போனது.

"எப்ப திரும்பி வந்தவள்?"

"அரசன் செத்தால், இல்லாட்டி பதவியை விட்டால்."

"எத்தினை வருசம்?"

"அப்பாவுக்குக் கணக்குத்தான் வேணும். அவளுக்கே தெரியாதாம்."

ரயில் மெல்ல உள்ளே வந்தது. வெயில் பட்ட ஜன்னல்களில் அந்தப் பல்லக்கின் மூங்கில் திரைகள் அசைவதுபோல் இருந்தது. "போட்டு வாறன்" என்று எழுந்து போனாள். சீப்பு வாங்கிலேயே கிடந்தது.

புறப்பட்டவரைப் பின்னால் கூப்பிடுவது எங்களிடம் வழக்கமில்லை. கூப்பிட்டால் அவர் திரும்பி வந்து இருந்து, தண்ணீர் குடித்துத்தான் மறுபடி புறப்படவேண்டும். அவள் இருபத்திரண்டு அடி வைக்கும்வரை பொறுத்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"பின்னாலை கூப்பிடுறதோ, அப்பா?"

"இரு. தண்ணி குடி."

ரயில் போய்விட்டது. அடுத்ததற்கு நாற்பது நிமிடம். நாலு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"வீட்டை வந்திடு, பிள்ளை. இஞ்சை வேறை வேலை பாக்கலாம்."

போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நீங்கள் நடப்பியள். உப்பில்லாமலெண்டாலும் சமைப்பியள். அந்த மனுசி கதிரையை விட்டு எழும்பாது, அப்பா. நான் விட்டிட்டு வந்தால், உங்களோடை இருந்தும் அங்கைதான் இருப்பன்."

தண்டவாளத்துக்கு அப்பால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ரயில் வந்தபோது தலையை என் பக்கம் சாய்த்தாள். சீப்பைச் செருகினேன். முதல் தரம் கோணிப்போனது, இரண்டாம் தரம் சரியாக நின்றது. அரசன் சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சிஞ்ஞோராவைச் சுகம் கேட்டதாகச் சொல்லு" என்றேன். அவரைப் பற்றி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரயிலில் ஏறுமுன் மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள்.