பந்துக் குளத்தில் வேப்பிலை வாசம்

வெரோனிகா ஒரு வீட்டுக்குள் போனால் அவளுக்கு முன்னே அவள் மூக்கு போகும். பன்னிரண்டு வருடம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள். எந்தப் பிள்ளைக்குக் காதில் சீழ், எந்தப் பிள்ளை இரண்டு நாளாகக் குளிக்கவில்லை என்பதையெல்லாம் தொடாமலே சொல்லிவிடுவாள். கை கழுவினால் முழங்கை வரைக்கும் கழுவுவாள். விருந்துக்குப் போன இடத்தில் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இதனாலேயே சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவளை விருந்துக்கு அழைப்பதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் அவள் ‘மிஸ்ஸி’, அதாவது நர்ஸம்மா. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். குணமான பிறகு அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் அந்த இடத்துக்குப் போனதற்குக் காரணம், வாய் தவறிக் கொடுத்த வாக்கு.

தொண்ணூற்று நான்காம் வருடம், நவம்பர் பள்ளி விடுமுறை. வெரோனிகாவின் தங்கை ஜோசஃபின் எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போனது. கணவனுக்குத் திரங்கானு கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. அதனால் அக்கா வீட்டு முன்னறையில் கட்டிலோடு கிடந்தாள். வெரோனிகாவின் மகள் பெலிண்டாவுக்கு ஆறு வயது. குதிக்காதே, கத்தாதே, சித்தி மேல் ஏறாதே என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கேட்டுக்கேட்டு அந்தப் பிள்ளை ஒருநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பாவமாக இருந்தது. “சரி, சனிக்கிழமை உன்னை அந்தப் பந்து விளையாடுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லித் தொலைத்தாள்.

சனிக்கிழமை காலை பெலிண்டாவுக்கு மூக்கு ஒழுகிற்று. லேசான இருமலும் இருந்தது. வெரோனிகா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ஒரு கரண்டி இருமல் மருந்தை ஊற்றி, மூக்கைத் துடைத்து, அவளோடு செராஸ் பஸ் ஏறினாள்.

புதிதாகத் திறந்த கடைத்தொகுதியின் நான்காவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் சத்தம் அறைந்தது. சத்தத்தின் பின்னாலேயே நாற்றம் வந்தது. நூறு பிள்ளைகளின் வியர்வைக் காலுறை, பழைய எண்ணெயில் பொரித்த கோழி, எங்கோ ஒரு மூலையில் யாரோ வாந்தியெடுத்து அதன்மேல் வாசனைத் திரவம் தெளித்தது, எல்லாம் சேர்ந்த நாற்றம். ஏர்கான் அதை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தது. கவுன்டரில் நாற்பது நிமிடம் வரிசை. காலுறை இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். சிலிப்பரோடு வந்த பெலிண்டாவுக்கு அங்கேயே ஒரு ஜோடி வாங்க வேண்டியிருந்தது. கையின் மேல் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினார்கள். அதே முத்திரைக் கட்டையை முன்னால் நின்ற பையன் நக்கிப் பார்த்ததை வெரோனிகா கண்ணால் கண்டாள்.

பெற்றோருக்கென்று பன்னிரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள். பெற்றோர் எண்பது பேர் இருப்பார்கள். தூணில் சாய்ந்து நின்ற ஒரு கிள்ளான்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“பெருநாளுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டேஷன்ல கூட உக்கார எடம் கெடைக்கும் சிஸ்டர். இங்க மூச்சு விடவே டர்ன் எடுக்கணும்.”

“அங்கிள் எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?”

“மூணாவது மணி நேரம். என் மகன் அந்தக் குழாய்க்குள்ள போனான். இன்னும் வரல. நானும் போயி தேட முடியாது, என் வயிறு நுழையாது லா.”

நடுவில் பந்துக் குளம். இடுப்பளவு ஆழத்துக்கு நிறம் நிறமாகப் பிளாஸ்டிக் பந்துகள். விளிம்பில் வெரோனிகா குனிந்து ஒரு பந்தை எடுத்தாள். பிசுபிசுத்தது. திருப்பிப் பார்த்தாள், எச்சில் காய்ந்த கோடு. அடுத்த பந்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்று, உபயோகித்தது, ஒட்டிக்கொண்டிருந்தது. கையை ஆழ விட்டுத் துழாவினாள். பாதி தின்ற உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பால்பல், ஈரம். அந்த ஈரம் எதனுடையது என்று முகர்ந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. பெலிண்டா அதற்குள் தலைகீழாகப் பாய்ந்துவிட்டாள்.

பிள்ளை ஒரு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது. வெரோனிகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போய் டெட்டாலில் முக்கி எடுத்துவிடலாம்.

பெலிண்டாவுக்குத் தோழன் ஒருவனும் கிடைத்தான். ஏழு வயது இருக்கும். இத்தனை புழுக்கத்தில் முழுக்கை சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான். இருவரும் பந்துகளை ஒருவர் தலையில் ஒருவர் கொட்டினார்கள், பந்துக்கு அடியில் மூழ்கித் தலையோடு தலை முட்டினார்கள். அரைமணி நேரம் போனது. அந்தப் பையன் மூச்சு வாங்க விளிம்புக்கு வந்து வெரோனிகா பக்கத்தில் நின்றான்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. பொரித்த எண்ணெயையும் காலுறையையும் தாண்டிக்கொண்டு வந்தது. வேப்பிலை. கூடவே மஞ்சள்.

வெரோனிகா குனிந்தாள். பையனின் காலரை ஒரு விரலால் விலக்கினாள். கழுத்தில் மஞ்சள் கறை. அதற்குக் கீழே பொருக்கு, பொருக்கு, பொருக்கு. அம்மைக் கொப்புளம் ஒன்று மட்டும் இன்னும் காயாமல் நீர் கசிந்துகொண்டிருந்தது.

“பெலிண்டா! வெளிய வா! இப்பவே!”

பையனின் தாய் ஓடிவந்தாள். டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், பெயர் தங்கமணி. தலை வாரி, பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

“என்னக்கா, எம் புள்ளை அடிச்சிட்டானா?”

“இவனுக்கு அம்மா போட்டிருக்கா இல்லையா?”

தங்கமணி சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “மெதுவாக்கா. அதெல்லாம் எறங்கிருச்சு. நேத்துத் தண்ணி ஊத்தியாச்சு.”

“எத்தனாவது தண்ணி?”

“மொதத் தண்ணி.”

“மூணு தண்ணி ஊத்துறது எதுக்குன்னு உங்க வீட்ல யாரும் சொல்லலயா? முத்து இன்னும் காயல. நீர் வடியுது. அதோட இத்தனை பிள்ளைங்க நடுவுல எறக்கி விட்டிருக்கீங்க!”

“பத்து நாளா பாயிலயே கெடந்தான்கா. தண்ணி ஊத்துனதும் இங்க கூட்டிட்டு வரேன்னு தலையில அடிச்சி சத்தியம் பண்ணேன். புள்ளைகிட்ட சொன்னதை மாத்த முடியுமா?”

“வீட்ல மாசமா இருக்கிற பொம்பள இருக்கா. அவளுக்கு இது வந்ததே இல்ல. என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?”

தங்கமணியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு அவள் கண் பெலிண்டா மேல் விழுந்தது. பெலிண்டாவின் மூக்கிலிருந்து உதடு வரைக்கும் பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஒங்க புள்ளைக்கு மூக்குல என்னக்கா, தேனா? வந்ததுலேருந்து இருமிட்டுத்தானே இருக்கு. நீங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

வெரோனிகா மகளின் மூக்கைத் துடைத்தாள். பன்னிரண்டு வருட வார்டு அனுபவம் ஒரு கரண்டி இருமல் மருந்தில் கரைந்து போனது அவளுக்கே தெரிந்தது. அந்தப் பந்துகளைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது தன் மேலேயே வந்தது.

ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்தாள். டை கட்டிய மேனேஜரைப் பிடித்து, பிள்ளைகளை வெளியேற்றிக் குளத்தை மூடச் சொன்னாள். அவர் பையனை எட்டி நின்று பார்த்தார். “கொசுக்கடி லா மேடம். இன்னிக்கு சாட்டர்டே, எப்படி க்ளோஸ் பண்றது?” என்று அவள் கையில் அடுத்த வாரத்துக்கான இரண்டு இலவச டிக்கெட்டுகளைத் திணித்தார். அவற்றை அவர் கண்முன்னே கிழித்தாள். தங்கமணி அதற்குள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் அலற அலற, லிஃப்ட் பக்கம் போய்விட்டிருந்தாள்.

வீட்டில் பின்வாசலிலேயே பெலிண்டாவின் துணியைக் கழற்றி, டெட்டால் தண்ணீரில் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஊதா முத்திரை போகவே இல்லை.

“ஒரு பையன் தொட்டதுக்கா இந்த ஆட்டம்?” என்றான் கணவன் கிளாரன்ஸ், ரயில்வே பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்தவன்.

“எனக்கு ஒம்பது வயசுல போட்டுச்சு. அப்ப ஜோசஃபினை ஈப்போவுக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தப்பிச்சான்னு சந்தோஷப்பட்டோம். இப்ப அவளுக்கு வந்தா, அதுவும் பிரசவத்தை ஒட்டி வந்தா, பொறக்குற பிள்ளை பொழைக்கிறது கஷ்டம். வார்டுல ரெண்டு பார்த்திருக்கேன். மூணாவதை நம்ம வீட்ல பார்க்க முடியாது.”

“அப்ப ஜோசஃபினை எங்கயாவது அனுப்புவோமா?”

“கட்டிலை விட்டு எறங்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னவளை எங்க அனுப்புறது? பெலிண்டா போகட்டும். ஒட்டியிருந்தாலும் முத்து எழும்ப பத்து நாளுக்கு மேல ஆகும். இன்னும் ஒரு வாரத்துக்குப் பிள்ளைகிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது. அதுக்குள்ள உங்கம்மா வீட்டுக்கு.”

கிளாரன்ஸின் தாய் மாரியாயி ஜெஞ்சாரோமில் தனியாக இருந்தாள். பிற்காலத்தில் ஞானஸ்நானம் வாங்கி மேரி ஆனவள். ஊர் மட்டும் இன்னும் மாரியாயி என்றே கூப்பிட்டது. ஐந்தாம் நாள் கிளாரன்ஸ் லீவு போட்டு மகளை அங்கே கொண்டுபோய் விட்டான். பெலிண்டா காரின் பின்கண்ணாடி வழியே அழுதுகொண்டே போனாள். வெரோனிகா உள்ளே வந்து, தங்கைக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

பதினைந்தாம் நாள் ஜெஞ்சாரோமிலிருந்து போன் வந்தது.

“பிள்ளைக்கு நெத்தியில ரெண்டு முத்து எழும்பியிருக்கும்மா. காய்ச்சலும் இருக்கு. ஒன்னைத்தான் கேக்குறா.”

ஜோசஃபினுக்கு அன்று கால் வீங்கியிருந்தது. வெரோனிகா போகவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னாள். மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “வேப்பிலை கட்டிலுக்கு அடியில போட்டிருக்கேன். ஜெபமாலையும் மாட்டியிருக்கேன். நீ நர்ஸு, கோவிச்சுக்குவ. தண்ணி ஊத்தலாமா?”

“ஊத்துங்க. பொருக்கு முழுக்க காஞ்ச பின்னால ஊத்துங்க. ஒண்ணு இல்ல, மூணு. மூணாவது ஊத்துற வரைக்கும் அவளை வாசலைத் தாண்ட விடாதீங்க. யாரு கெஞ்சினாலும் சரி, அவளே கெஞ்சினாலும் சரி.”

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஜோசஃபினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தோல் சுத்தமாக இருந்தது. வெரோனிகா தலை முதல் கால் வரைக்கும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்த பிறகுதான் தாயின் கையில் கொடுத்தாள்.

பெலிண்டா புத்தாண்டுக்குப் பிறகு வந்தாள். நெற்றியில் இரண்டு குழி, ஒன்று அவளே சொறிந்தது. தம்பியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, அந்தப் பந்து எல்லாம் இன்னும் அங்க இருக்குமா?”

“இருக்கும்,” என்றாள் வெரோனிகா. “அதே எச்சிலோட இருக்கும். போய்க் கையைக் கழுவு.”