வெள்ளத்துக்குப் பயந்தவன்

தொண்ணூறுகளில் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்த புதிது. கரமனையில் கிணற்றோடு ஒரு வீடு விலைக்கு வந்தது. பார்த்தவுடன் எங்களுக்குப் பிடித்துவிட்டது. ஏரியா எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன்.

"பேடிக்கண்ட சாரே! இவிடெ எல்லா காலத்தும் வெள்ளமுண்டு" என்றார், பெருமையாக.

பயப்பட வேண்டாமாம், ஆனால் எல்லாக் காலத்திலும் வெள்ளமாம்! நானும் மனைவியும் கட்டிலோடு மிதந்து கடலுக்குப் போகிற காட்சி வரை கண்ணில் ஓடிவிட்டது. அலறியடித்துக்கொண்டு, நல்ல மேடான இடமாகப் பார்த்து வேறொரு வீட்டை வாங்கினேன்.

கரமனை வீட்டை வாங்கியவர் என் ஆபீஸ் நண்பர், திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த வலியசாலை அக்ரகாரத்துக்காரர். கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். கொளுத்தும் கோடையிலும் கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு, "இங்கே வெள்ளம் வருமாமே?" என்று கிளறினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓய், மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி!"

மனைவி என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். "எங்க மேட்டு வீட்டுக் குழாய்ல காத்துதாம்ணே வருது" என்றாள் அவரிடம்.

"அதுக்கென்ன மன்னி, நாளைலேர்ந்து குடத்தை எடுத்துண்டு வாங்கோ!"

கொஞ்சம் கர்வமாகப் பேசியிருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை. அவரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அதை அணைக்கவும் அவர் வீட்டுத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.