காய்ந்து கிடந்த துணி

பெண்ணின் கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுத பூசையன்று கொழுந்தை உருட்டும் உருளை இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசுவது ஆண்கள். அம்மாவும் மற்றப் பெண்களும் வாசலுக்கு வெளியே நின்று கும்பிடுவார்கள். அதே தொழிற்சாலையின் கீழ்க்கூடத்தில் வருடம் முழுவதும் குனிந்திருந்து தூளிலிருந்து குச்சி பொறுக்கியவர்களும் பெண்கள்தாம். அவர்களில் ஒருத்தி என் அக்கா.

அக்காவின் படிப்பு தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அவளுக்கு அடுத்துப் பிறந்த என் அண்ணனை அட்டன் நகரப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவன் விடுமுறைக்கு வரும்போது விஞ்ஞானப் புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தருகிறேன் என்று அக்கா வாங்கிக்கொள்வாள். அட்டை போட அரைநாள் போதும். புத்தகம் விடுமுறை முடியும்வரை அவளிடமே இருக்கும்.

கொழுந்து வாட்டும் மேல்மாடியின் சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கின. ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றி, அதன் நுனியை ஒரு தண்ணீர்க் குப்பிக்குள் விட்டிருப்பார்கள். காற்று உலர்ந்திருந்தால் ஈரத்துணி சுற்றியதில் பாதரசம் இறங்கி நிற்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். ஈரம் கூடினால் சூடும் கூட வேண்டும்; அதைப் பார்த்துத்தான் எவ்வளவு சூட்டுக்காற்றை ஊதுவது என்று, தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் முடிவு செய்வார். குப்பியில் தண்ணீர் ஊற்றுவது மாடியில் வேலை செய்த அப்பாவின் பொறுப்பு.

அந்த மாசியில் மழையே இல்லை. தூள் கருகலாக இருக்கிறது என்று கொழும்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. ஒரு மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டு அக்காவோடு நானும் மாடிக்குப் போனேன். எனக்குப் பத்து வயது.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வெளியில தரை வெடிச்சுக் கெடக்கு. இது ரெண்டும் ஒண்ணுபோல நிக்குதே அப்பா?"

துணியைத் தொட்டாள். என் விரலையும் பிடித்து அதில் வைத்தாள். சருகுபோல இருந்தது. குப்பிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அங்க என்ன புள்ள பண்ற?" டீமேக்கர் பின்னால் நின்றார்.

"துணி காஞ்சு கெடக்குதுங்க ஐயா. அதுதான் ரெண்டும் ஒரே அளவு காட்டுது. காத்துல ஈரமே இல்லீங்க. சூடு ஊத வேணாங்க."

"அடேயப்பா! குச்சி பொறுக்கிறவகிட்ட பாதரசம் பேசுதாம்டா! நாளைக்கு என் தொப்பியையும் நீயே போட்டுக்கம்மா."

மாடியே சிரித்தது. அக்கா அப்பாவின் குடிதண்ணீரைத் துணியில் ஊற்றினாள். சற்று நேரத்தில் பாதரசம் இறங்கத் தொடங்கியது, சிரிப்பும் அடங்கியது.

அன்று மாலை கீழே உருளையின் பெல்ட் அறுந்தது. பல முறை ஒட்டுப்போட்ட பழைய பெல்ட் அது. எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் சொன்னார்: "பொம்பள கை வச்சிச்சுல்ல, பின்ன என்னாகும்?"

மறுநாள் காலை டீமேக்கர் எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கேட்டார். "நீ சொல்லு, துணி காஞ்சா இருந்திச்சு?"

"இல்லீங்க ஐயா. நான் தெனமும் தண்ணி ஊத்துறேங்க."

குப்பி யாருடைய பொறுப்பு என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள். அன்றே அவளைத் தொழிற்சாலையிலிருந்து நிறுத்தி, கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். சூட்டுக்காற்றை மட்டும் ஓசையில்லாமல் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த கடிதம் டீமேக்கரைப் பாராட்டி வந்தது.

இரண்டு வருடம் கழித்து அண்ணனை அதே தொழிற்சாலையில் இயந்திர வேலை பழகச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அக்கா கூடை தூக்கிக் கன்றிப்போன தோளோடு வந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"தம்பி, போனதும் மொதல்ல குப்பியில தண்ணி இருக்கான்னு பாரு."

அண்ணன் சிரித்தான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

டீமேக்கர்மீது எனக்குப் பெரிய கோபம் எதுவும் இல்லை. அவர் அவராகவே இருந்தார். என்னை இத்தனை வருடமும் எரிப்பது அப்பாவின் "இல்லீங்க" என்ற அந்த ஒரு சொல். உண்மையைச் சொல்லியிருந்தால் வேலையோடு தோட்டம் தந்த லயத்து அறையும் போயிருக்கும், நாங்கள் ஐந்து பேரும் தெருவில் நின்றிருப்போம் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதுவும் தெரியும். தெரிந்தும் தணியவில்லை. ஒரு வீடு நிலைத்து நிற்க எப்போதும் மகளின் அறிவைத்தானா அடியில் போட்டு மிதிக்க வேண்டும்? அவள் மலையில் பறித்த கொழுந்து அதே மாடிக்குத்தான் போனது. அந்த வெப்பமானிகளை அவள் மறுபடி பார்க்கவே இல்லை.

அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அண்ணனும் போய்விட்டான். சென்ற மழைக்காலத்தில் அக்காவும் போனாள். அந்தத் துணி காய்ந்திருந்ததை விரலால் தொட்டு அறிந்தவர்களில் நான் மட்டும் மிஞ்சியிருக்கிறேன்.